பாக்டீரியாவோடு ஐந்து வருடம்: சேரலாமா, எந்த லேபில் சேரலாம்?

கேள்வி: மேடம், எனக்கு 23 வயது. விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். இரண்டாவது முயற்சியில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவருக்கான மாத உதவித்தொகை) கிடைத்திருக்கிறது. பாக்டீரியா நம் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்பதில்தான் எனக்கு ஆசை. ஆனால் செல் கல்ச்சரை, அதாவது செல்களை லேபில் வளர்ப்பதை, கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இரண்டு இடத்தில் பி.எச்டி.க்கு எடுத்திருக்கிறார்கள். ஒன்று பெரிய நிறுவனம், டி.பி. கிருமி, லேபில் 18 பேர். இன்னொன்றில் கைடு வேலைக்குச் சேர்ந்தே மூன்று வருடம்தான் ஆகிறது, சால்மொனெல்லா என்ற பாக்டீரியா, இரண்டே மாணவர்கள். இதற்கு நடுவில் ஒரு மருந்து கம்பெனியில் க்யூ.சி. (தரப் பரிசோதனை) வேலையும் வந்திருக்கிறது, மாதம் 19,000. "இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்கிறார் அப்பா. "கிருமியோட வேலையா?" என்று அம்மா பயப்படுகிறார். முடித்தால் வேலை கிடைக்குமா? எனக்கு இங்கிலீஷும் சுமார்தான். பெயர் வேண்டாம்.

பதில்: அப்பாவிடமிருந்தே ஆரம்பிக்கலாம். பி.எச்டி. என்றால் நாம் பணம் கட்டிப் படிப்பது, வேலை என்றால் அவர்கள் நமக்குக் கொடுப்பது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து உங்கள் வேலையைப் பார்த்து அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப். ஆக்கினால் 42,000. ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. க்யூ.சி. வேலையின் சம்பளத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை அவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் நம்பமாட்டார், என் அப்பாவும் நம்பவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பணம் சம்பளம்போல மாதாமாதம் ஒன்றாம் தேதி அக்கவுண்டில் விழாது. பேப்பர் நகர்ந்து, கையெழுத்து வாங்கி, சில சமயம் நான்கைந்து மாதத்துக்குச் சேர்த்து வரும். அதனால் சேரும்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். வீட்டில் உடனடிப் பணமுடை இருந்தால் க்யூ.சி. வேலையில் சேர்ந்து நாலைந்து மாதம் சம்பாதித்துவிட்டு வருவதில் தப்பே இல்லை. அது வீண் காலமும் அல்ல. சுத்தமாக வேலை செய்வது, செய்ததை அன்றைக்கே எழுதி வைப்பது, எழுதியதை அடிக்காமல் திருத்தாமல் விடுவது, இந்த மூன்றையும் கம்பெனிக்காரர்கள் கற்றுக்கொடுக்கிற மாதிரி பல்கலைக்கழகங்களில் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

சரி, பிரயோஜனம். இதற்கு நான் எப்போதும் கல்கத்தாவைத்தான் சொல்வேன்.

காலரா கிருமியைத் தேடி ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக் 1883 டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்து வேலை செய்தார். அந்தக் கிருமி ஏதோ ஒரு நச்சை விடுகிறது என்று அவர் அப்போதே சந்தேகப்பட்டார். அதற்கப்புறம் எழுபது வருடத்துக்கு மேல் அந்த நச்சை யாராலும் தெளிவாகக் காட்ட முடியவில்லை. கிருமியை, கிருமி வளர்ந்த நீரை விலங்குகளின் ரத்தத்தில், வயிற்றுக் குழியில் என்று எங்கெங்கோ ஊசி போட்டுப் பார்த்தார்கள். காலராவின் வயிற்றுப்போக்கு வரவில்லை. சம்பு நாத் டே என்ற கல்கத்தா டாக்டர் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அந்தக் கட்டுக்குள் கிருமியை விட்டார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் தண்ணீர் கோத்து உப்பியிருந்தது. இது 1953. அப்புறம் கிருமியை முழுவதும் வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த நீரை மட்டும் விட்டார். அப்போதும் உப்பியது. 1959இல் நேச்சர் இதழில் அது வந்தது. நச்சு இருந்தது, அது வேலை செய்யும் இடம் குடலின் உள்பக்கம். மற்றவர்கள் தேடிய இடம்தான் தப்பு. அவரிடம் இருந்தது முயல், நூல், ஊசி, வடிகட்டி. பெரிய கருவி எதுவும் இல்லை.

அந்த நச்சு குடல் செல்லைக் கொல்வதில்லை. அதுதான் இந்தத் துறையின் அழகு என்று எனக்குத் தோன்றும். செல்லுக்குள் இருக்கும் ஒரு சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே பூட்டிவிடுகிறது. குழாயைத் திறந்துவிட்டுத் திருகைக் கழற்றிக்கொண்டு போனதுபோல, உப்பும் தண்ணீரும் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அதே செல்லில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே வருகிற வழி ஒன்று இருக்கிறது. நச்சு அதைத் தொடுவதில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் காலராவிலும் வேலை செய்வது அதனால்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ்ன் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலநபிஸ் டிரம் டிரம்மாக அதைக் கலக்கிக் கொடுத்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றினார். அப்பா பிரயோஜனம் கேட்டால் உங்கள் தெரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் காட்டுங்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் குடல் செல்லுக்குள்தான் இருக்கிறது.

டேயைப் பற்றி இன்னொன்று. அவர் லண்டனில் பி.எச்டி. செய்தது காலராவில் அல்ல, நுரையீரலில் நீர் கோப்பது பற்றி. பி.எச்டி.யில் எடுத்த கிருமியோடுதான் கடைசிவரை குடும்பம் நடத்த வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆகவே 'டி.பி.யா சால்மொனெல்லாவா' என்ற கேள்விக்கு நீங்கள் கொடுக்கும் கனத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

செல் கல்ச்சர் தெரியாது என்பதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதத்தில் கை பழகிவிடும், கவலை வேண்டாம். பழகக் கஷ்டமானது வேறு. அது என்னவென்று சொல்ல, நீங்கள் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் செய்யப்போகும் ஒரு சோதனையைச் சொல்கிறேன்.

முதல்நாள் சாயங்காலம் 24 குழி பிளேட்டில் மேக்ரோஃபேஜ் செல்களை (கிருமியை விழுங்கும் செல்கள்) போட்டு 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்பீர்கள். மறுநாள் காலை ஒரு செல்லுக்குப் பத்து பாக்டீரியா என்ற கணக்கில் சால்மொனெல்லாவை விட்டு, பிளேட்டை ஐந்து நிமிடம் சுற்றி, அரைமணி நேரம் காத்திருப்பீர்கள். அப்புறம் கழுவிவிட்டு, பாக்டீரியாவைக் கொல்லும் ஜென்டாமைசின் மருந்தை ஊற்றுவீர்கள். இந்த மருந்து செல்லுக்குள் அவ்வளவு சுலபமாகப் போகாது. வெளியே இருக்கும் பாக்டீரியா சாகும், உள்ளே போய்விட்டது தப்பிக்கும். ஒரு மணி நேரம் கழித்து மருந்தின் அளவைக் குறைப்பீர்கள். சில குழிகளை இரண்டாவது மணியிலும், மீதியைப் பதினாறாவது மணியிலும் சோப்புக் கரைசல் விட்டு உடைத்து, பத்துப் பத்தாக நீர்த்து, பிளேட்டில் தேய்ப்பீர்கள். மறுநாள் காலனி எண்ணுவீர்கள். பதினாறு மணிக் கணக்கை இரண்டு மணிக் கணக்கால் வகுத்தால், உள்ளே போன பாக்டீரியா எத்தனை மடங்கு பெருகியது என்று தெரியும்.

இப்போது ஒரு ஜீனை நீக்கிய பாக்டீரியாவை விடுகிறீர்கள். பதினாறு மணியில் காலனி பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆஹா, செல்லுக்குள் பெருக இந்த ஜீன் வேண்டும் என்று துள்ளிக் குதிப்பீர்கள். எல்லோரும் குதித்திருக்கிறோம். ஆனால் வேறு காரணமும் இருக்கலாம். அந்த பாக்டீரியா செல்லைச் சீக்கிரமாகக் கொன்றிருக்கலாம். செல் செத்துக் கிழிந்தால் ஜென்டாமைசின் உள்ளே போய்விடும், பாக்டீரியா செத்துப்போகும், காலனி குறையும். அதாவது குறைந்த எண்ணிக்கைக்குப் பின்னால் சாதுவான பாக்டீரியாவும் இருக்கலாம், படு முரட்டு பாக்டீரியாவும் இருக்கலாம். பிளேட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பார்க்கிற மாற்றம் பாக்டீரியாவுடையதா, செல்லுடையதா? கஷ்டம் இதில்தான். தனியாக பாக்டீரியாவை மட்டும் வளர்ப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை, செல்லை மட்டும் வளர்ப்பவருக்கும் இல்லை. இரண்டு உயிரை ஒரே குழியில் போட்டவர்களுக்குத்தான் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பி.எச்டி. இரண்டாம் வருடம். பாக்டீரியா போடாத செல்களிலேயே வீக்கத்தைத் தூண்டும் புரதம் கொஞ்சம் சுரந்துகொண்டிருந்தது. 'பேக்ரவுண்ட்' என்று நோட்டில் எழுதி, எல்லா ரீடிங்கிலிருந்தும் அதைக் கழித்துக்கொண்டே போனேன். ஏழு மாதம். பக்கத்து லேபில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் மைக்ரோஸ்கோப் பழகுவதற்கு என் செல்களைக் கடன் வாங்கி டி.என்.ஏ.வுக்கு நீலச் சாயம் ஏற்றினான். "அக்கா, இது என்ன, நியூக்ளியஸுக்கு வெளியில இவ்வளவு புள்ளி?" என்றான். எட்டிப் பார்த்தேன். நீல வட்டங்களைச் சுற்றிக் கோலப்பொடி சிதறியதுபோல இருந்தது. மைக்கோபிளாஸ்மா. அதற்குச் செல்சுவர் கிடையாது, அதனால் நாம் மீடியாவில் வழக்கமாகப் போடும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. மீடியா கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. நான் சால்மொனெல்லாவின் விளைவைப் படித்துக்கொண்டிருந்த செல்லில் ஏற்கெனவே இன்னொரு பாக்டீரியா குடியிருந்தது. அத்தனை ஃப்ளாஸ்க்கையும் பிளீச்சில் கொட்டினேன். ஏழு மாத நோட்டும் போச்சு. அதை நான் யார்மீதும் போட முடியாது. மாதம் ஒருமுறை சோதித்திருக்க வேண்டியது என் வேலை, சோதிக்கவில்லை.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. எந்த லேப் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. அந்த ஏழு மாதமும் என் கைடு ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்தார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பத்து ஸ்லைடு காட்டுவேன், தலையசைப்பார். 'பேக்ரவுண்ட் ஏன் இவ்வளவு?' என்று கேட்க யாருமில்லை.

இந்தத் துறையில் பெரிய ஆட்களும் ஏமாந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவழைக்கும் ஒரு வகை ஈ.கோலை உண்டு. அது குடல் செல்லின்மேல் ஒட்டிக்கொள்ளும்போது ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கனடாவில் பிரெட் ஃபின்லேயின் குழு அதைச் செல்லின் சொந்தப் புரதம் என்று நம்பி, பேப்பரும் போட்டது. 1997இல் அதே குழுதான் கண்டுபிடித்தது: அது பாக்டீரியாவே செய்த புரதம். தான் பிடித்துக்கொள்ள வேண்டிய கொக்கியைத் தானே செய்து, ஊசி போட்டதுபோல செல்லுக்குள் அனுப்பி, செல்லின் மேற்பரப்பில் மாட்டிவைத்து, அப்புறம் அதில் போய்த் தொங்குகிறது. டிர் என்று பெயர். என்ன துணிச்சல் பாருங்கள், விருந்தாளி ஆணியும் கொண்டுவந்து சுவரில் அடித்துச் சட்டையை மாட்டுகிறான். எனக்கு அந்த பாக்டீரியாவைவிட அந்தக் குழுவைத்தான் பிடிக்கும். தாங்கள் எழுதியதைத் தாங்களே சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு பேர் இருக்கும் லேபுக்குப் போவேன். புது கைடுக்கு உங்கள் டேட்டா வேண்டும், அவருடைய வேலையே அதில்தான் நிற்கிறது. பிளேட்டை உங்களோடு சேர்ந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கிருமியும் சாதகம். சால்மொனெல்லா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், தப்பு செய்தால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். டி.பி. கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். காலனி கண்ணில் பட மூன்று நான்கு வாரம். தப்பு செய்தது தெரிவதற்குள் என்ன செய்தோம் என்பதே மறந்துபோகும். கை பழகாதவருக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை. டி.பி.யில் சுவாரஸ்யம் குறைவு என்று சொல்லவில்லை. தன்னை விழுங்கிய மேக்ரோஃபேஜின் செரிமானப் பைகள் தன்னிடம் வந்து சேராமல் தடுத்து, அதற்குள்ளேயே குடும்பம் நடத்துகிற கில்லாடி அது. பி.எச்டி. முடித்தபிறகு செய்யும் போஸ்ட்டாக் ஆராய்ச்சியில் அதற்குப் போகலாம்.

ஆனால் சேர்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கைடின் கையில் இருக்கும் பிராஜெக்ட் பணம் எந்த வருடம் முடிகிறது? செல் வளர்க்கும் மீடியா, சீரம் எல்லாம் விலை அதிகம், உங்கள் ஃபெல்லோஷிப்போடு வரும் சில்லறைச் செலவுத் தொகையில் அது கட்டுப்படியாகாது. அடுத்து, செல்லுக்குள் துல்லியமாகப் பார்க்கும் கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பும், செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரும் அந்த வளாகத்தில் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்கிறதா, வரிசையில் எத்தனை நாள் நிற்க வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் இழுபறியாக இருந்தால் பெரிய லேபுக்கே போங்கள். அங்கே போனால் கைடை நம்பி உட்காராதீர்கள். 18 பேரில் தினமும் உங்கள் நோட்டைப் பார்க்கக்கூடிய ஒரு சீனியரை முதல் மாதமே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு லேபிலும் இப்போது இருக்கிற, முடிக்காமல் போன மாணவர்களிடம் போனில் பேசுங்கள். முடிக்காமல் போனவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது, சிரித்துவிட்டுப் போகாதீர்கள். லேப்களில் பெரும்பாலும் பயன்படுத்துவது டைஃபாய்டு வரவழைக்கும் சால்மொனெல்லா அல்ல, அதன் உறவுக்கார வகை ஒன்று. அது நமக்கு வந்தால் வயிற்றுப்போக்கு வரும், பெரும்பாலும் தானே சரியாகும். கிளவுஸ், கோட், பாதுகாப்பு கேபினட், வேலை முடிந்ததும் கை கழுவுவது, லேபுக்குள் டீ குடிக்காமல் இருப்பது போதும். டைஃபாய்டு கிருமியைத் தொடும் லேப் என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். டி.பி. வேலை மூன்றாம் நிலைப் பாதுகாப்பு அறையில் நடக்கும். அறையின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும், காற்று வடிகட்டித்தான் வெளியே போகும், உள்ளே போகிறவர் முகக்கவசமும் முழு உடையும் போட்டிருப்பார். இன்னொன்று, இது உங்களுக்கு மட்டும்: பின்னாளில் லிஸ்டீரியா வைத்து வேலை செய்யும் லேபில் இருக்கும்போது கர்ப்பமானால் முதல் நாளே சொல்லிவிட்டு அந்த வேலையிலிருந்து விலகிவிடுங்கள். அந்தக் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை. நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. பி.எச்டி.க்குப் பிறகு மூன்றிலிருந்து ஐந்து வருடம் போஸ்ட்டாக், பெரும்பாலும் வெளிநாட்டில், அதற்கப்புறம் விண்ணப்பம் போட்டுக் காத்திருத்தல். இங்கேயே ரிசர்ச் அசோசியேட்டாக இருந்தால் 58,000இலிருந்து 67,000 வரை, கூட வாடகைப் படி. அந்த வயதில் வீட்டில் கல்யாணப் பேச்சும் வீட்டுக்கடன் பேச்சும் சேர்ந்து வரும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் வழி அது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத், புனே தடுப்பூசி நிறுவனங்கள், பெங்களூரு ஆய்வுக் கம்பெனிகள், பரிசோதனைக் கிட் செய்பவர்கள், காப்புரிமை அலுவலகங்கள் எல்லாம் செல்லை வைத்துச் சோதனை செய்யத் தெரிந்தவரைத் தேடுகின்றன. என்னிடம் படித்த ஒருத்தி இன்று ஒரு தடுப்பூசிக் கம்பெனியில் இருக்கிறாள். இன்டர்வியூவில் அவளிடம் பேப்பரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். ஒரு கிராஃபைக் கொடுத்து "இதில் எந்தக் கன்ட்ரோல் இல்லை?" என்று கேட்டார்களாம். கன்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சோதனை. செல் செத்ததா என்று பார்க்கும் கன்ட்ரோல் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். வேலை கிடைத்தது.

இங்கிலீஷ் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. பேப்பர் இங்கிலீஷ் தனி மொழி, முந்நூறு நானூறு சொல்தான் திரும்பத் திரும்ப வரும். வாரம் ஒரு பேப்பரை எடுத்து, எழுத்தை மூடிவிட்டுப் படங்களை மட்டும் பார்த்து, என்ன செய்திருக்கிறார்கள் என்று தமிழில் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் மூடியதைத் திறந்து ஒப்பிடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: ஜே.ஆர்.எஃப். அவார்டு லெட்டரில் எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்று போட்டிருக்கும். க்யூ.சி. வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்தத் தேதி தவறக்கூடாது. அப்புறம் அந்த இளம் கைடுக்கு ஒரு மெயில் போடுங்கள். 'சிறுவயது முதலே நுண்ணுயிரிகள்மீது தீராத ஆர்வம்' என்று ஆரம்பிக்காமல், அவருடைய கடைசிப் பேப்பரில் காலனி எண்ணிக்கை குறைந்ததாகக் காட்டும் படம் ஏதாவது இருந்தால், அந்தச் செல்கள் அப்போது உயிரோடு இருந்தனவா என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் கோபப்பட்டால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், பெரிய லேபைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்.